யாருக்கோ செய்த அலமாரி

ஜூன் 2, திங்கள்

இந்த நாட்குறிப்பை எழுதச் சொன்னது ரெபேக்கா. எங்கள் 'வீடு புதுசு' நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். "அண்ணா, நீங்க பட்டறையிலேருந்து டிவிக்கு வந்த கதைய பின்னாடி புக்காவே போடலாம். தினமும் கொஞ்சம் எழுதி வைங்க" என்றாள். டைரியும் அவளே வாங்கிக் கொடுத்துவிட்டாள். சரி, எழுதிவிடுவோம். படிக்கப்போகிறவர்கள் கைதட்டத் தயாராக இருக்கவும்.

நான் ஆவுடையப்பன். ஊர் தென்காசிப் பக்கம், தொழில் தச்சு. சென்னையில் ஒரு சேனல் ஆபீசில் அலமாரி செய்யப் போனவன்தான். அங்கே ஒரு மேனேஜர், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று நாளுக்கொரு யோசனை சொன்னார். "சார், நீங்க மொதல்ல எந்தப் பக்கம்னு முடிவு பண்ணுங்க. கதவ அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் அதைப் போனில் எடுத்துவிட்டார். அந்த வருடமே நான் டிவியில் வந்துவிட்டேன். வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வேலை செய்வது என் பழக்கம். ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது.

இப்போது ஊரெல்லாம் ஆவுடை அண்ணாச்சி. காதில் பென்சில், கழுத்தில் சிவப்புத் துண்டு. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கண்ணை அந்தத் துண்டால் கட்டி உள்ளே கூட்டி வருவேன். கட்டை அவிழ்த்துவிட்டு "இது யாரு வீடு?" என்று கேட்பேன். "எங்க வீடு" என்று சொல்லி அழுவார்கள். அழாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

காலையில் என் மனைவி உலகம்மாள், சமையல் மேடைக்கு அடியில் மறைப்புக்குக் கட்டியிருக்கும் பழைய சேலை கிழிந்துவிட்டது என்றாள். "ஒரு கதவு போட்டுத் தந்தா என்ன? நீங்கதான் ஆசாரி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

ஈரோட்டு எபிசோடிலிருந்து ஒரு சின்னத் துண்டு போன் போனாக ஓடிக்கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்களாம்.

அந்த வீட்டம்மா குள்ளம். "மேடை உசரமா இருக்குதுங்ணா. கொஞ்சம் எறக்கித் தர முடியுங்களா?" என்று கேட்டார். எல்லா வேலையும் முடிந்தபிறகு கேட்டால் எனக்குக் கோபம் வராதா? "ஒரு பலகையப் போட்டு ஏறி நின்னுக்கோங்கம்மா. எங்க வீட்டுல என் பொஞ்சாதி இத்தன வருசமா பலகை மேல நின்னுதான் சமைக்கா. அவ என்ன செத்தா போயிட்டா?" என்றேன். அவ்வளவுதான். நல்ல சிரிப்பான இடம்.

சிலர் திட்டியும் எழுதியிருக்கிறார்கள். குத்தாலம் வாசித்துக் காட்டினான். "'மொதல்ல உன் வீட்டு கிச்சன காட்டுய்யா'ன்னு நெறைய பேர் கேக்காங்க அத்தான்" என்றான். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்றேன்.

குத்தாலம் என் மைத்துனன், உலகம்மாளின் தம்பி. முழுப்பெயர் குற்றாலலிங்கம். உள் அலங்காரம் படித்துவிட்டு ஊரில் சும்மா இருந்தவனைக் கூட்டிவந்து சேனலில் சேர்த்துவிட்டது நான்தான். அளவு குறிப்பது, சாமான் எடுத்து வைப்பது, நான் மறந்ததை ஞாபகப்படுத்துவது எல்லாம் அவன். என் வீட்டில்தான் சாப்பாடு. நம்பிக்கையான பயல்.

ஜூன் 8, ஞாயிறு

மகள் அகிலா ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "அப்பா, அந்த வீடியோவ எங்க கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க" என்றாள். பெருமையாக இருந்தது. அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.

கதவு வேலை பார்க்க முடியவில்லை. ஒரு பர்னிச்சர் கடைத் திறப்பு விழாவுக்குப் போக வேண்டியிருந்தது.

ஜூன் 12, வியாழன்

இன்று ஷூட்டிங் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

பட்டறையிலிருந்து வந்து பார்த்தால் தொட்டிப் பக்கத்தில் நாலைந்து காபி டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. யார் வந்தது என்றேன். "மேல் வீட்டு அம்மா வந்தாவ" என்றாள் உலகம்மாள். மேல் வீட்டு அம்மா ஒருத்தியே இத்தனை டம்ளர் குடித்துவிட்டாளா, சுகர் இருக்கிற பொம்பளையாயிற்றே என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளாகவே இவள் சரியாகப் பேசுவதில்லை. வயதின் கோளாறாக இருக்கும்.

ஜூன் 18, புதன்

நல்ல சேதி. ரெபேக்கா ஒரு ஸ்பெஷல் எபிசோடு சொல்லியிருக்கிறாள். ஒரு குடும்பத்துக்குச் சமையலறை. "இந்தத் தடவ ஆளுங்க வேணாம்ணா. முழுக்க உங்க கையாலேயே செய்யணும். நீங்க பட்டறையில வேல செய்யறத பூரா ஷூட் பண்றோம்" என்றாள். எத்தனை நாள் ஆயிற்று முழு வேலையையும் நானே செய்து! இப்போதெல்லாம் கேமரா முன்னால் நாலு ஆணி அடிப்பதோடு சரி.

வீட்டை நான் பார்க்க வேண்டாமாம், ரகசியமாம். குத்தாலம்தான் போய் அளவெடுத்து வந்திருக்கிறான். அளவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். சின்ன அறை. இடது பக்கச் சுவர் மூலைமட்டத்துக்கு நிற்காமல் உள்ளே ஒருக்களித்து வருகிறது. எவன் கட்டினானோ, தண்ணியைப் போட்டுவிட்டுக் கட்டியிருப்பான். மேடையை உடைத்து முப்பத்தோரு அங்குல உயரத்துக்கு இறக்குகிறார்களாம். அந்த வீட்டம்மாவும் குள்ளம் போலிருக்கிறது. உலகத்தில் குள்ளமான பெண்கள் எல்லாரும் எனக்கென்றே வந்து வாய்க்கிறார்கள்.

கேமரா ஓடும்போது குத்தாலம் கேட்டான்: "அத்தான், இந்த வீட்டு சமையலறையப் பாத்தா என்ன தோணுது?"

"வீட்டுக்காரன் ஒரு நாளும் உள்ள போயிருக்க மாட்டான்னு தோணுது. சாப்பாடு எங்கருந்து வருதுன்னே அவனுக்குத் தெரியாது போல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரெபேக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

ஜூன் 21, சனி

கை பழைய மாதிரி ஓடுகிறது. இழைப்புளியைத் தள்ளும்போது சுருள் சுருளாக வந்து விழும் சீவலைப் பார்த்தால் மனது லேசாகிவிடுகிறது. ஒருக்களித்த சுவருக்கு ஏற்றாற்போல் இடது ஓரத்துப் பெட்டியைச் சரித்து இழைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் சுவரின் கோணல் தெரியவே தெரியாது. இதைச் செய்ய இங்கே வேறு ஆள் கிடையாது. எழுதி வைக்கிறேன், புத்தகத்தில் வரட்டும்.

அந்த அம்மாவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு வரச் சொல்லியிருந்தேன். குத்தாலம் கேட்டு வந்தான். இட்லித் தட்டுகளைக் கவிழ்க்காமல் நிற்க வைக்க ஓர் இடம். பெருங்காய டப்பாவுக்குத் தனி அறை, மற்ற சாமானில் வாசம் ஏறாமல் இருக்க. அப்புறம், கரண்டி போடும் இழுப்பறை சத்தம் வராமல் மூட வேண்டும்.

"சத்தம் வந்தா என்னவாம்?" என்றேன்.

"வீட்டுக்காரர் ராத்திரி வேல முடிஞ்சு லேட்டா வருவாராம் அத்தான். காலையில அவரு தூக்கம் கெட்டுரக் கூடாதாம்."

"கொடுத்து வச்ச பயல்! பொஞ்சாதி சேலையக் கட்டி மறைச்சு வச்சு குடித்தனம் நடத்துதா, இவரு தூங்குதாராம் தூக்கம்!" என்றேன்.

குத்தாலம் சட்டென்று குனிந்து அளவு நாடாவைச் சுருட்டினான். சேலை கட்டி மறைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேமராமேன் கேட்டார். எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்றேன்.

இழுப்பறைக்கு நல்ல தண்டவாளமாகப் பார்த்து நானே வாங்கினேன். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கடைசியில் தானாகவே நிதானித்து மூடிக்கொள்ளும்.

ஜூன் 22, ஞாயிறு

பட்டறை. உலகம்மாள் கதவைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானாக "அடுத்த வாரம் பார்த்துவிடலாம்" என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று கேமரா முன்னால் கொஞ்சம் சூடாகிவிட்டேன். குத்தாலம் தூண்டிக்கொண்டே இருந்தான். "அந்த வீட்டுக்காரருக்கு ஏதாவது சொல்லணும்னா என்ன சொல்வீய அத்தான்?"

நான் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "யப்பா, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ மனுசனே இல்ல. கட்டினவளுக்கு ஒரு கதவு போட்டுக் குடுக்க வக்கில்ல. ஒனக்கெல்லாம் மீசை ஒரு கேடு. அந்தப் புள்ள ஒன் மூஞ்சில காறித் துப்பாம சோறு போடுதாளே, அவளக் கும்பிடணும்."

"சூப்பர்ணா, ஒரே டேக்" என்றாள் ரெபேக்கா. ஈரோட்டு விஷயத்தில் என்மேல் முகம் சுளித்தவர்கள் இதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். பெண்களுக்காக இப்படிப் பேச டிவியில் யார் இருக்கிறார்கள்?

ஜூன் 28, சனி

உலகம்மாள் இன்று அதிசயமாக என் வேலையைப் பற்றிக் கேட்டாள். அடுப்படியில் தாளித்துக்கொண்டே, "அந்த அலமாரி வேல எப்படி வருது?" என்றாள்.

விவரமாகச் சொன்னேன். கோணல் சுவரைச் சரிக்கட்டிய விதத்தைக் கையால் காட்டினேன். கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அந்தப் பொம்பளைக்குப் புடிக்குமா?"

"புடிக்காம? கொடுத்து வச்சவ. இப்படி ஒரு வேலைய நான் யாருக்கும் செஞ்சதில்ல."

அவள் பலகையிலிருந்து இறங்கி, குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகத்தைக் கழுவினாள். கடுகு வெடித்துக் கண்ணில் தெறித்துவிட்டதாம்.

ஜூலை 2, புதன்

அலமாரிகள் வண்டி ஏறிவிட்டன. ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று அந்த வீட்டம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். நியாயம்தான். ஆடியில் யார் புது அடுப்பில் பால் வைப்பார்கள்?

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். கடைசியில் அவற்றை மாட்டும்போது நான் இருக்கமாட்டேன். ஏற்காட்டில் வேறொரு வீடு, ஒரு வாரம் அங்கே போகச் சொல்லிவிட்டார்கள். "பினிஷிங்குக்கு வந்துடுவீங்கண்ணா" என்றாள் ரெபேக்கா.

ஜூலை 8, செவ்வாய்

ஏற்காடு. குளிர் கொல்கிறது. ஒரே ஒரு கேமரா. வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு நான் எதற்கு என்று தெரியவில்லை. குத்தாலம் காய்ச்சல் என்று வரவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தால் பின்னால் டமார் டமார் என்று சுத்தியல் சத்தம். "பக்கத்து வீட்டுல வேல நடக்கு" என்றாள் உலகம்மாள். அடிக்கிறவனுக்கு வேலை தெரியவில்லை, தோளிலிருந்து ஓங்கி அடிக்கிறான், மணிக்கட்டில் அடிக்கச் சொல் என்றேன்.

குத்தாலத்துக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "யாருக்கு?" என்றாள். பிறகு, "பரவால்ல, கஞ்சி குடிச்சான்" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று எழுத முடியாது.

ஜூலை 14, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எதையாவது உடைத்துவிடுவேன்.

நேற்று காலை ஏற்காட்டிலிருந்து நேராக அந்த ஸ்பெஷல் வீட்டுக்குப் போகிறோம் என்று வண்டியில் ஏற்றினார்கள். சென்னைக்குள் நுழைந்ததும் ரெபேக்கா என் கழுத்துத் துண்டை எடுத்தாள். "அண்ணா, இன்னிக்கு ஒரு சேஞ்சுக்கு உங்க கண்ண கட்டறோம்" என்றாள். ஜாலியாகத்தான் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

வண்டி நின்றது. கையைப் பிடித்து இறக்கினார்கள். சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியின் கரி வாசம். பத்தடி நடந்ததும் ஒரு குழாய் சொட்டும் சத்தம். மாடிப்படி. மூன்றாவது படியின் ஓரம் உடைந்திருந்தது. கால் தானாகவே அதை விலக்கி வைத்தது. எத்தனை வருடம் ஏறி இறங்கிய படி. கண்ணைக் கட்டினால் காலுக்குத் தெரியாதா?

அங்கேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒருக்களித்த சுவர். முப்பத்தோரு அங்குலம். சத்தமில்லாத இழுப்பறை. அளவைக் கையில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இழைத்திருக்கிறேன். என் வீட்டு அளவு என்று தெரியவில்லை. தெரிய வழியில்லை. என் வீட்டுச் சமையலறையை நான் ஒரு நாளும் அளந்ததில்லை.

திரும்பி ஓடிவிடத் தோன்றியது. பின்னாலிருந்து முதுகைத் தள்ளினார்கள்.

துண்டை அவிழ்த்தது குத்தாலம். காதில் பென்சில். மீசையைப் புதிதாக முறுக்கிவிட்டிருந்தான். "இது யாரு வீடு அத்தான்?" என்றான். என் வசனம், என் குரலில்.

என் அலமாரிகள் என் சுவரில் நின்றன. உலகம்மாள் பட்டுச்சேலை கட்டி, தாழ்ந்த மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். புது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் சேனல் ஆட்கள், மேல் வீட்டு அம்மா, தெருக்காரர்கள். நான் "எங்க வீடு" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்போது ஒரு பெரிய டிவியைத் திருப்பினார்கள். அதில் நான். "யப்பா, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ மனுசனே இல்ல." முழுவதையும் போட்டார்கள். தூக்கத்தைப் பற்றிச் சொன்னது, மீசையைப் பற்றிச் சொன்னது, காறித் துப்புவது பற்றிச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? கேமரா முகத்துக்கு நேரே நின்றது.

பிறகு குத்தாலம் அந்தப் பழைய பலகையைத் தூக்கிக் காட்டினான். "ஆவுடை அண்ணாச்சி இந்த கிச்சனுக்கு இதுவரைக்கும் செஞ்ச ஒரே வேல இதுதாங்க!" மறுபடி சிரிப்பு. சோறு போட்ட வீட்டில் நின்று சொன்னான்.

ரெபேக்கா என் காதருகே வந்து, "அண்ணா, கண்ணுல தண்ணியே வரல. பர்ஸ்ட்லேருந்து ஒருவாட்டி போயிடலாமா?" என்றாள். மறுபடியும் கீழே கூட்டிப் போய், மறுபடியும் கண்ணைக் கட்டி, மறுபடியும் படியேற்றி, மறுபடியும் அதே கேள்வி. ஒரு தடவை ஏமாந்தது போதாது என்று இன்னொரு தடவையும் ஏமாந்து காட்டினேன். இந்தத் தடவை அழுகை வந்தது. நன்றாகவே வந்தது. "பெர்பெக்ட்" என்றாள்.

அதோடு விட்டார்களா? என் சிவப்புத் துண்டை என் கையாலேயே குத்தாலத்தின் கழுத்தில் போடச் சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து 'வீடு புதுசு' லிங்காவுடன். குற்றாலலிங்கம் இனிமேல் லிங்காவாம். போட்டேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டான். அப்படியே ஓர் உதை விட்டிருக்கலாம். விடவில்லை. காலம் முழுக்க அதை நினைத்து வருத்தப்படுவேன்.

ஜூலை 15, செவ்வாய்

உலகம்மாளிடம் நேற்று முழுவதும் பேசவில்லை. இன்று காலை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த ஈரோட்டு வீடியோ வந்த பொறவு ரெபேக்கா வந்தாவ. அன்னைக்கு டம்ளர் கவிழ்த்து வச்சிருந்தேன்லா, அன்னைக்கு."

"கிச்சன் செய்யதுக்குன்னு சொன்னாளா? இல்ல, என்னத் தூக்குததுக்குன்னும் சொன்னாளா?"

அவள் புடவை ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. இந்த ஒரு மாதம் எப்படிச் சொன்னாளோ.

"ரெண்டும் சொன்னாவ. உங்கள எப்படியும் எடுத்திருவாங்களாம். பொம்பளையாட்கள்ளாம் உங்கள ஏசி எழுதுதாங்களாம். குத்தாலத்தப் போடப் போறோம், இந்த வீட்ட வச்சு ஒரு நிகழ்ச்சி எடுத்து மரியாதையா அனுப்புதோம்னாவ. சரி, எப்படியும் போவப் போவுது, சமையலறையாவது வரட்டும்னு ஒத்துக்கிட்டேன்."

"மரியாதையா! ஊரே சிரிச்சுது பாத்தீல்லா?"

"அந்த டிவியப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா உலகு?"

"சொன்னா சண்ட போட்டு நிப்பாட்டியிருப்பீய. அதுவும் போயிருக்கும், இதுவும் வந்திருக்காது."

"நான் செஞ்சு குடுத்திருப்பேன்!" என்று கத்திவிட்டேன்.

"என்னைக்கு?" என்றாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

எழுந்து போய்விட்டேன். அவள் செய்தது துரோகம். யார் எப்படித் திருப்பிப் போட்டாலும் துரோகம்தான். ஒரு மாதம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் தம்பியோடு நின்றிருக்கிறாள். வேலை எப்படி வருகிறது என்று கேட்டாளே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நான் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. குத்தாலம் போன் செய்துகொண்டே இருக்கிறான். நான் எடுக்கவில்லை. பிறகு அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் மெதுவாகப் பேசினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

ரெபேக்காவுக்கு நான் போன் செய்தேன். மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது. புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம் என்றுதான் செய்தேன். நானும் ஒரு முட்டாள்.

ஜூலை 19, சனி

பழைய மேஸ்திரி ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். போரூரில் ஒரு மாடி வீட்டுக்குக் கதவுகள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டுக்காரர் என்னை டிவியில் பார்த்திருப்பாரோ என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

பலகையைக் காணவில்லை. செட் சாமானோடு சேர்த்துச் சேனல்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்களாம்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று ஒளிபரப்பு. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மேல் வீட்டு அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து போனால் அதற்கும் ஒரு பேச்சு வரும். உட்கார்ந்தேன்.

நான் வேலை செய்ததை நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். கோணல் சுவருக்குப் பெட்டியைச் சரித்து இழைத்ததை நெருக்கத்தில் காட்டினார்கள். திட்டியதையெல்லாம் பாட்டு போட்டுக் காட்டினார்கள். படியேறினேன், அழுதேன். இரண்டாவது டேக்தான் வந்தது. முதல் தடவை என் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று கடைசியில் வந்தது. அன்று நானும் மற்றவர்களும் வெளியே போனபிறகு உலகம்மாளைத் தனியாக நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள். புது மேடையைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். பலகை இல்லாமல் அவள் மேடையில் கை வைத்து நிற்பதை இன்றுதான் கவனித்தேன், அதுவும் டிவியில்.

"உங்களுக்குன்னு தெரியாமலே உங்க வீட்டுக்காரர் செஞ்சிருக்காரு. எப்படி இருக்கு?" என்று குத்தாலத்தின் குரல் கேட்கிறது.

அவள் கொஞ்சம் யோசிக்கிறாள். "ரொம்ப நல்லாருக்கு. எனக்குன்னு தெரிஞ்சிருந்தா இப்படி செஞ்சிருக்க மாட்டாவ" என்கிறாள். "யாரோ ஒரு பொம்பளைக்குன்னு நெனச்சு செஞ்சாவ. அதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு."

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மேல் வீட்டு அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். உலகம்மாள் என்னைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை ஒரு நாள் என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். ஊரே கேட்கும்படி, பொய் என்று நான் மறுக்கவே முடியாதபடி, தம்பி கேட்ட கேள்விக்குச் சொல்லியிருக்கிறாள்.

வந்தவர்கள் போனபிறகு நான் காபி டம்ளர்களைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். மேடை எனக்குத் தாழ்வு. முதுகை நன்றாக வளைத்துக் குனிந்துதான் கழுவ முடிந்தது. கரண்டிகளை எடுத்து இழுப்பறையில் போட்டேன். உள்ளே இருந்த ஆத்திரம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. அவளுக்குக் கேட்கட்டும், தெருவுக்கே கேட்கட்டும் என்று அதை ஓங்கி அறைந்தேன்.

அது பாதி வழியில் வேகம் குறைந்து, மெல்ல உள்ளே போய், சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.